ஆறாவது பட்டத்தில் நின்ற குரல்

தென்முனைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எதைத் தொடங்குவதாக இருந்தாலும் முதலில் வேந்தரைத் தொடங்க வேண்டும். வேந்தரைத் தொடங்குவது என்றால் அவருடைய பட்டங்களைத் தொடங்குவது. பட்டங்கள் மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பதிவாளர் அலுவலகத்திலிருந்து திருத்திய பட்டியல் வந்துவிடும். விடுதியில் குழாய் ஒழுகுகிறது என்று விண்ணப்பம் எழுதுகிற மாணவன்கூட ‘கல்வி வள்ளல்’ என்று ஆரம்பித்து, பன்னிரண்டாவதாக ‘மாண்பமை வேந்தர்’ வரை வந்து, சத்தியநேசன் என்ற பெயரை எழுதி, அன்னார் நிறுவிய இக்கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குழாய் ஒழுகுகிறது என்று முடிக்க வேண்டும். அதற்குள் தொட்டி காலியாகியிருக்கும்.

சுபிதா இந்த வழக்கத்தைக் குறை சொன்னவள் அல்ல. இரணியலுக்குத் தெற்கே முந்திரித் தோப்பு ஒன்றை நிரவிக் கட்டிய அந்த வளாகத்தில் அவள் நான்கு ஆண்டுகளாகத் தற்காலிக ஆய்வக உதவியாளர். மாலை ஆறு மணிக்கு நாகர்கோவிலில் வேறொரு கல்லூரியில் பகுதிநேரப் பொறியியல் மாணவி. எந்தக் கணக்கையும் மூன்று முறை போட்டுப் பார்ப்பாள். மூன்று முறையும் ஒரே விடை வந்தால், மூன்று முறையும் ஒரே தப்பைத்தான் செய்திருக்கிறோமோ என்று நான்காவது முறையும் பார்ப்பாள். பார்த்ததை ஒரு நோட்டில் தேதி, நேரம், கேட்டது என்று மூன்று கட்டம் போட்டு எழுதி வைப்பாள்.

அந்த நான்கு ஆண்டும் அவள் கட்டியது ஒரு பெட்டி. ஒரு சாண்கூட இல்லாத கனசதுரம். பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் பயன்படுத்துவதற்கான குட்டிச் செயற்கைக்கோள். திட்டத்தில் சேர்ந்த மாணவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். பெட்டியும் சுபிதாவும்தான் மிச்சம். அதன் ஆன்டெனாவுக்கு மார்த்தாண்டத்தில் எட்டு கடை ஏறி இறங்கி, நன்றாக விறைத்து நிற்கும் ஸ்டீல் அளவு நாடா வாங்கி வெட்டினாள். விண்வெளிக்குப் போகும் வரை நாடாவைச் சுருட்டிக் கட்டி வைக்கக் குளச்சலில் தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி என்ற நைலான் இழை வாங்கினாள். தேர்வு எழுதி வானொலி உரிமம் பெற்றவள் வளாகத்திலேயே அவள் ஒருத்திதான். ஆகவே பெட்டிக்குக் கட்டளை அனுப்பும் பொறுப்பும் சட்டப்படி அவளுடையது.

பெட்டியின் பிழைப்பு எளிது. நிமிடத்துக்கு ஒரு முறை எட்டு நொடி நேரம் மோர்ஸ் ஒலியில் தன் அடையாளமான ஆறு எழுத்து அழைப்புக்குறியைச் சொல்லும். மீதி நேரத்தில் யாராவது அனுப்பும் சிறு செய்தியை வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்கும். உள்ளே இருக்கும் சிறிய மின்கலம் அந்த அளவுக்குத்தான் தாங்கும்.

பெட்டியை ராக்கெட்காரர்களிடம் ஒப்படைக்க மூன்று வாரம் இருக்கும்போது வேந்தரின் பட்டங்கள் எங்கும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளும் மரபுக் குழு ஆய்வகத்துக்கு வந்தது. தலைவர் பதிவாளர் பொன்னுலிங்கம். பெட்டி தன் ஆறு எழுத்தைக் கீச்சிட்டுக் காட்டியது.

“இது யாருக்க இனிசியலு?” என்றார் பொன்னுலிங்கம்.

“இனிசியல் இல்ல சார். அழைப்புக்குறி. அரசாங்கம் தந்தது. அதைச் சொல்லணும்னு விதி.”

“சொல்லட்டும். வேண்டாம்னு சொல்லல்லியே. ஆனா வேந்தர் ஐயா அனுப்புக பெட்டி, ஐயா பேரைச் சொல்லாம ஆறெழுத்தச் சொல்லுமா? முதல்ல ஐயா. பொறவு அரசாங்கம்.”

திட்ட இயக்குநர் பேராசிரியர் தாணுமாலயன் நல்லவர், விஷயம் தெரிந்தவர், ஓய்வுபெற மூன்று ஆண்டு இருப்பவர். “பேரை மட்டும் சேத்திரலாம் சார்” என்றார் மெல்ல.

“மொட்டப் பேரா?”

பன்னிரண்டு பட்டமும் பெயரும் ஆங்கில எழுத்தில் ஏற்றப்பட்டன. அடுத்த வாரம் குழு மறுபடியும் வந்து கேட்டது. பெயர் சம்பந்தப்பட்ட ஒலி என்பதால் எல்லோரும் கைகட்டி எழுந்து நின்றார்கள். ஐந்தரை நிமிடம் கீச்சு கீச்சென்று ஓடியது. பொன்னுலிங்கத்தின் முகம் சுருங்கியது.

“என்னம்மா, பஸ்ஸப் பிடிக்க ஓடுக மாதிரி ஓடுது? ஐயா பேரை இப்படியா சொல்லுவாவ? நிதானமா, ஒரு மதிப்போட வரணும்.”

வேகம் பாதியாகக் குறைக்கப்பட்டது. பதினொரு நிமிடம் ஆயிற்று. குழு பதினொரு நிமிடமும் நின்று கேட்டது. கடைசியில் பொன்னுலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இப்பம்தான் ஐயா நேர்ல வந்த மாதிரி இருக்கு” என்றார்.

சோதனையெல்லாம் சுவர் பிளக்கின் மின்சாரத்தில் நடந்தது. மின்கலத்தில் ஓடினால் ஆறாவது பட்டத்துக்கு மேல் தாங்காது, பெட்டி தானாக அணைந்துவிடும் என்று சுபிதா நான்கு முறை கணக்குப் போட்டுக் குறிப்பு எழுதினாள். குறிப்பில் வேந்தரின் பட்டங்களை எழுத மறந்துவிட்டாள். அதனால் குறிப்பு திரும்பி வந்தது. பட்டங்களுடன் எழுதி அனுப்பியபோது பெட்டி பெங்களூரில் ராக்கெட்காரர்கள் கைக்குப் போய்விட்டிருந்தது. ஒன்றை மட்டும் அவள் செய்திருந்தாள்: பழைய எட்டு நொடிக் குரலை அழிக்காமல் உள்ளேயே விட்டிருந்தாள். தரையிலிருந்து ஒரு கட்டளை போனால் அது விழித்துக்கொள்ளும்.

பெட்டி மேலே போன மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு வளாகத்தின் தலைக்கு மேல் வந்தது. சுபிதா காதுக் கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கல்வி வள்ளல். கல்விக் காவலர். குமரியின் கலங்கரை. அறிவுச் செம்மல். ஏழைகளின் ஏணி. சமத்துவச் சுடர்...

நின்றுவிட்டது. வெயிலில் கொஞ்சம் தெம்பு வந்ததும் மறுபடியும் கண் விழித்தது. கல்வி வள்ளல்.

பெயரும் வரவில்லை. அழைப்புக்குறியும் வரவில்லை. பெட்டியிடம் நலம் விசாரிக்க ஒரு தனிக் கட்டளை உண்டு; அதற்கு மட்டும் யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. விசாரித்தாள். மின்கலம் 7.9 வோல்ட் என்றது. 6.4-க்குக் கீழே இறங்கினால் காவல் மின்சுற்று மின்கலத்தை நிரந்தரமாகத் துண்டித்துவிடும். ஒவ்வொரு முறை மயங்கி விழும்போதும் கொஞ்சம் இறங்கும். எத்தனை நாள் என்று நான்கு முறை போட்டாள். பத்து நாள்.

அன்று மாலை வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா நேசபாய் முற்றத்தில் உட்கார்ந்து கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கிற கை.

“ஏட்டி, உனக்க பெட்டி பேசிச்சா?”

“பேசிச்சும்மா. அவருக்க பட்டத்தச் சொல்லிச்சு. பாதியில மயங்கி விழுந்துட்டு.”

“பட்டத்துக்கே மூச்சு போச்சுன்னா பின்ன எப்பம் மக்கா அது வேலையப் பாக்கும்?”

நான்கு ஆண்டாக நடந்த திட்ட மதிப்பாய்வுக் கூட்டங்களில் யாரும் கேட்காத கேள்வி அது. சுபிதா நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் போலந்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘கல்வி வள்ளல்’ என்றொரு செயற்கைக்கோள் கேட்கிறது, எந்த நாட்டுடையது, அழைப்புக்குறி ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். வெளிநாட்டுப் பட்டியல்களில் பெட்டியின் பெயரே ‘கல்வி வள்ளல்’ என்று ஏறியிருந்தது. பொன்னுலிங்கம் கடைசிக் கேள்வியை மட்டும் வெட்டிவிட்டு, மின்னஞ்சலைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

வோல்ட் 7.5.

சுபிதா கோப்பு போட்டாள். இந்த முறை பன்னிரண்டு பட்டமும் பிழையில்லாமல் எழுதினாள். எட்டு நொடிக் குரலுக்கு மாற அனுமதி வேண்டும், இல்லையென்றால் பெட்டி செத்துவிடும் என்பது நான்காம் பக்கத்தில் இருந்தது. தாணுமாலயன் படித்தார்.

“நீ சொல்லுகது சரிதான் சுபிதா. ஆனா வேந்தர் பேரை எடுக்கணும்னு நான் பரிந்துரைக்க முடியுமா?”

“பேரே வரல்லியே சார். இல்லாத பேரை எப்படி எடுக்க?”

“அதையும் நான் எழுத முடியாதுல்லா” என்றார் வருத்தத்துடன். பரிந்துரைக்கிறேன் என்றும் எழுதாமல், பரிந்துரைக்கவில்லை என்றும் எழுதாமல், ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மரபுக் குழு அப்போது திற்பரப்பில் இரண்டு நாள் சிந்தனை முகாமில் இருந்தது. சுபிதா இரண்டு பஸ் மாறிப் போனாள். சிந்தனை அருவிக்கு அடியில் நடந்துகொண்டிருந்தது. இடுப்பில் துவர்த்துத் துண்டும் தலை நிறைய எண்ணெயுமாக நின்ற பொன்னுலிங்கம் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“கோப்பா? ஈரக் கையால ஐயா பேரு இருக்க பேப்பரத் தொடலாமா?”

“துடைச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க சார். இன்னைக்கி ஏழு புள்ளி ஒண்ணுக்கு வந்துட்டு.”

“துடைச்சா மறுபடி குளிக்காண்டாமா? நீ போ மக்கா. திங்கக்கிழமை குழுவுல வைப்போம்.”

திங்கட்கிழமை குழு கூடியது. அழைப்பிதழில் ஐயாவின் ஒன்பதாம் பட்டம் விடுபட்டிருந்ததால், அதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டுவிட்டுக் கலைந்தது.

6.8.

எட்டாம் நாள் ‘விண்ணில் வேந்தர்’ விழா. பெட்டியின் குரலை ஐயா நேரில் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. கட்டுப்பாட்டு அறையில் சோபா போட்டார்கள், பொன்னாடைகள் வந்தன. காலையில் சுபிதா மாடிக்குப் போனபோது, ஐயா கையை உயர்த்தி வானத்தைக் காட்டும் இருபது அடி பிளெக்ஸ் பேனரின் ஒரு பக்கக் கயிறு ஆன்டெனாக் கம்பத்தில் கட்டியிருந்தது. ஆன்டெனா திரும்ப முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. அவிழ்க்கப் போனவளைக் காவலாளி தடுத்தார்: “ஐயா படம், பாப்பா. பதிவாளர் எழுதித் தரணும்.” பிளேடால் கயிற்றை அறுத்தாள். பேனரில் ஐயாவின் கை மடங்கித் தொங்கியது.

சத்தியநேசன் வந்தார். எழுபது வயது, கட்டையான உடம்பு, கூர்மையான கண். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பெட்டி வந்தது. சுபிதா ஒலியைக் கேட்டு ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் தட்டினாள். ஒவ்வொரு பட்டம் முடிந்ததும் கைதட்டல். ஆறாவது முடிந்தது. ஒலி நின்றது.

“எனக்க பேரு?” என்றார் சத்தியநேசன்.

“வராது சார்.” சுபிதா திரையைக் காட்டினாள். “பெட்டிக்கு அவ்வளவுதான் மூச்சு. எட்டு நாளா பேரு வந்ததே இல்ல. பட்டத்த எடுத்துட்டுச் சின்ன குரலுக்கு மாத்தினா அது பொழைக்கும். உலகம் முழுக்கக் கேக்கும். மாத்தல்லேன்னா இன்னும் ரெண்டு நாள்ல செத்துரும்.”

பொன்னுலிங்கம் பாய்ந்து வந்தார். “ஐயா, பெட்டி உணர்ச்சிவசப்பட்டு நின்னுட்டு...”

சத்தியநேசன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். சுபிதாவின் பக்கம் திரும்பினார். புரிந்துகொண்டார் என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையிலேயே புரிந்துகொண்டிருந்தார்.

“பிள்ளே, நாப்பது வருசத்துக்கு முன்ன நான் மார்த்தாண்டம் சந்தையில நல்லமிளகு வாங்கி வித்தவன். அப்பம் எல்லாவனும் மொட்டப் பேரச் சொல்லித்தான் விளிப்பான். எலே சத்தியநேசா, சாக்க எடுத்துப் போடுலேம்பான். அந்தப் பேரத் தனியாக் கேக்கப் பிடிக்காமத்தான் இந்தப் பல்கலைக்கழகமே கெட்டினேன். பேரு வரல்லேன்னாச் சாரமில்ல. பட்டம் வருதுல்லா? அது போதும்.”

“பெட்டி செத்துருமே சார்.”

“எல்லாவனும் சாவான். எனக்குப் பட்டம் சொல்லிச் செத்துதுன்னு இருக்கட்டுமே.”

அறை கைதட்டியது. பொன்னாடை பெட்டிக்குப் போட முடியாததால் அதன் மாதிரி உருவுக்குப் போட்டார்கள்.

மறுநாள் காலை 6.5. கட்டுப்பாட்டு அறையில் சுபிதாவும் தாணுமாலயனும் மட்டும் இருந்தார்கள். திரையில் கட்டளை தயாராக இருந்தது. பெட்டி தெற்கே கடலின் பக்கமிருந்து ஏறி வந்தது. அது எட்டும் தூரத்தில் இருக்கும் பத்து நிமிடத்தில் நான்கு போய்விட்டது. சுபிதா கணக்கை மீண்டும் பார்த்தாள். தப்பாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று வாழ்க்கையில் முதல் முறையாக ஆசைப்பட்டாள். தப்பில்லை.

“நான் டீ குடிச்சிட்டு வாறேன்” என்றார் தாணுமாலயன். வாசலில் நின்று, திரும்பாமலே, “நான் ஒண்ணும் பாக்கல்ல, கேட்டியா” என்றார்.

அவள் அழுத்தினாள்.

இரண்டு நொடி. மூன்று நொடி. பிறகு காதில் ஆறு எழுத்து வந்தது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற வேகத்தில், தெளிவாக. அழைப்புக்குறி. 6.5. ஒரு நிமிடம் கழித்து மறுபடியும். சுபிதா காதுக் கருவியைக் கழற்றாமலே அழுதாள். நோட்டில் ‘கேட்டது’ என்ற கட்டத்தில் அந்த ஆறு எழுத்தையும் எழுதி, சரிதானா என்று நான்கு முறை பார்த்தாள்.

மூன்று நாள் பெட்டி உயிரோடு இருந்தது. 6.7. 6.9. 7.1. நாற்பத்தொரு பேர் கேட்டதாக எழுதினார்கள். கொல்லத்தில் ஒருவர் அனுப்பிய வணக்கத்தை யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. ‘இப்போதுதான் உங்கள் குரல் கேட்கிறது. நீங்கள் யார் என்று தெரிந்துகொண்டதில் மகிழ்ச்சி’ என்று போலந்துக்காரர் எழுதினார். வெளிநாட்டுப் பட்டியல்களில் ‘கல்வி வள்ளல்’ அழிக்கப்பட்டு, சரியான பெயர் ஏறியது.

அப்படித்தான் பொன்னுலிங்கம் கண்டுபிடித்தார்.

பட்டங்களை மீண்டும் ஏற்ற வேண்டும் என்ற கோப்பு ஏழு மேசைகளைத் தாண்டியது. நாற்பது நிமிடத்தில். யாரும் ‘பார்த்தேன்’ என்று எழுதவில்லை. ‘வலுவாகப் பரிந்துரைக்கிறேன்’ என்றே ஏழு பேரும் எழுதியிருந்தார்கள். ஏழாவது கையெழுத்து தாணுமாலயனுடையது.

“நான் அழுத்த மாட்டேன் சார்” என்றாள் சுபிதா.

“எழுந்திரும்மா” என்றார் தாணுமாலயன்.

“உங்களுக்கு உரிமம் கிடையாது சார்.”

அவர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய விரலுக்கு உரிமம் இல்லை, பதவி இருந்தது. அழுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு மூணு வருசம் இருக்கு, மக்கா” என்றார். அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் வாசலில் காவலாளி அவளை உள்ளே விடவில்லை. “எழுத்துல ஒண்ணும் இல்ல பாப்பா. வாயால சொன்னாவ. ஆர்டர் வீட்டுக்கு வரும்.”

மிச்சமிருந்த அளவு நாடாவை வெட்டி, பழைய பைப் ஒன்றில் கட்டி, சுபிதா வீட்டு மாடியில் ஓர் ஆன்டெனா செய்தாள். கட்டளை அனுப்ப முடியாது; கேட்க மட்டும் முடியும். தினமும் காலையில் நின்று கேட்டாள். ஒரு முறை வற்றித் தேறிய மின்கலம் இந்த முறை வேகமாக வற்றியது. முதல் நாள் ஆறு பட்டம். இரண்டாம் நாள் ஐந்து. மூன்றாம் நாள் மூன்று. நான்காம் நாள் ‘கல்வி’ என்றது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் போய் நின்றாள், ஆன்டெனாவைத் தப்பாகக் கட்டியிருப்போமோ என்று அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

‘பணியை நிறைவு செய்து மாமௌனத்தில் ஆழ்ந்தது’ என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. முதல் தேதிப் பட்டியலில் பட்டங்கள் பதின்மூன்றாக இருந்தன. புதியது ‘விண்வெளி வள்ளல்’. அதை முதலிடத்தில் வைக்க வேண்டும் என்று அடிக்குறிப்பு.

ஆர்டர் வராமல் அவளால் வேறு வேலைக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. போகச் சொன்னார்களா, இருக்கச் சொன்னார்களா, நான்கு ஆண்டுக்கு அனுபவச் சான்று உண்டா என்று எந்த இடத்திலும் எழுத்து கேட்டார்கள். ஐந்து வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் ஓர் உறை வந்தது. நேசபாய் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். உள்ளே ஒரே தாள். மேலே பல்கலைக்கழகச் சின்னம், அதன் கீழே பெட்டியின் படம். அதற்கும் கீழே, ஒவ்வொரு பட்டமும் தனி வரியில், தடித்த எழுத்தில், நிதானமாக, ஒரு மதிப்போடு.

நேசபாய் கதவில் சாய்ந்து நின்றாள். “என்னட்டி எழுதியிருக்கு? வேலை இருக்கா, இல்லியா?”

சுபிதா தாளின் அடிவரை படித்தாள். பதின்மூன்றாவது பட்டத்தோடு தாள் முடிந்திருந்தது. பின்பக்கம் திருப்பினாள். வெறுமையாக இருந்தது. உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தாள்.

“இன்னும் விஷயத்துக்கு வரல்லம்மா.”

“இரண்டாம் பக்கம்?”

“வைக்கல்ல.”

“நாசமாப் போவான்” என்றாள் நேசபாய். யாரை என்று சொல்லவில்லை.

சுபிதா நோட்டை எடுத்தாள். தேதி எழுதினாள். நேரம் எழுதினாள். ‘கேட்டது’ என்ற கட்டத்தில், தாளை இன்னும் மூன்று முறை சரிபார்த்துவிட்டு, எழுதினாள்: பட்டம் 13. பெயர் இல்லை. அழைப்புக்குறி இல்லை.